குளிரூற்றுக்காரர்கள் சொன்ன பதில்

தாலக்வா,
ஆகஸ்ட் முதல் வாரம்.

அன்புள்ள ஷெல்பி,

இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, இரவுப் பணி முடிந்த நாட்களில் பகலில் திரையை இழுத்துவிட்டு ஒழுங்காகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருத்துவரிடம் போகச் சொன்னால் ஒரு மழை பெய்யட்டும் பார்க்கலாம் என்கிறார், மழைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். வெயிலில் தக்காளி செடியிலேயே வெடித்துப்போகிறது. நாய் பகல் முழுக்க பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறது. கல்லூரி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, பாடங்களைத் தயார் செய்ய உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அலுப்பாக இருக்கிறது, அது வேலையால் வந்த அலுப்பு இல்லை என்று எனக்கே தெரியும். டெல்பர்ட் மாமா தோற்றுப்போனதை நீ அங்கிருந்தே செய்தியில் பார்த்திருப்பாய். செய்தியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று மட்டும்தான் இருந்தது. என்ன நடந்தது என்று அதில் இல்லை, போனில் சொல்லவும் எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி நம் செரோக்கி தேசத்தின் புதிய கவுன்சிலர்கள் பதவியேற்கிறார்கள். பதவியை விட்டுப் போகிறவர்களைப் பற்றி யாராவது நாலு வார்த்தை வாசிப்பது வழக்கம், மாமாவைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள், சரித்திரம் படிப்பிக்கிற தங்கை ஒருத்தி இருக்கிறாளே என்று. எழுதிப் பார்த்தேன், கல்லறைக் கல்லில் வெட்டுகிற மாதிரி வந்தது, கிழித்துப் போட்டேன். நாற்றுப்பண்ணையில் செடித்தொட்டி தூக்கியவர், பிறகு மலைப்பக்கத்து நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் வேனை ஓட்டியவர், பிறகு மூன்று முறை கவுன்சிலர் என்று எழுதினால் எல்லாம் உண்மைதான், ஆனால் அதில் மனிதர் இல்லை. அவர் அரசியல் படித்தது அந்த வேனில். விடியும் முன்பே கிளம்பி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஏற்றிக்கொண்டு வருவார், பின்சீட்டில் இருப்பவர்கள் கூரை ஒழுகுவதையும் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருவதையும் செரோக்கி மொழியில் சொல்லிக்கொண்டே வருவார்கள். என்னிடம் சொல்லி என்ன பயன், கவுன்சிலரிடம் சொல்லுங்கள் என்பாராம் இவர். குளிரூற்று ஊரில் சமுதாயக் கூடத்தின் சாவியை வைத்திருக்கிற லூசில் பம்ப்கின் அப்போது தன் புருஷனுக்குத் துணையாக அந்த வேனில் வருவாள். அவள்தான், “அப்ப நீயே கவுன்சிலர் ஆயிடு டெல்பர்ட்டு, எங்களுக்கு ரெண்டு தடவை சொல்ற வேலை மிச்சம்” என்றாளாம். முதல் தடவை நின்றபோது அவர் போட்ட பன்றிக்கறி விருந்தில் ஊரே வந்து தின்றது, ஊரே வேறொருவருக்கு ஓட்டுப் போட்டது. மறுநாள் லூசில் வந்து, “கறி நல்லாயிருந்துச்சு, அடுத்த தடவையும் நில்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த தடவை நின்றார், ஜெயித்தார்.

நான் அரசியலை நம்புகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அவர் பேச்சைத் திருத்திக் கொடுத்ததும் விருந்துக்கு ரொட்டி பொரித்ததும் அண்ணன் என்பதால்தான், அந்த ரொட்டியும் கல் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கவுன்சிலில் எழுந்தால் முதலில் செரோக்கியில் பேசுவார், அப்புறம்தான் ஆங்கிலத்தில், இளைய உறுப்பினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இவர் அவசரப்பட மாட்டார். குழாய்த் தண்ணீர் வந்ததில் அவர் பங்கு உண்டு, கூரைகள் மாற்றியதில் உண்டு. இரண்டு முறை தொடர்ந்து இருந்துவிட்டால் ஒரு முறை ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம், அந்த நான்கு வருடமும் இடுகாட்டுப் புல்லை வெட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். மறுபடி போனதற்கு ஒரே காரணம் அவர் வீட்டிலேயே வெர்னா அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டதுதான். வாரத்துக்கு மூன்று நாள் அவ்வளவு தூரம் போய் ஊசியில் கட்டுண்டு கிடந்து திரும்பிவந்து, வீட்டுப்படி ஏற முடியாமல் அத்தை வண்டியிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, நம் பக்கத்திலேயே டயாலிசிஸ் வசதியோடு ஒரு கிளினிக் வேண்டும் என்று பிடிவாதமாகிவிட்டார். இந்த நான்கு வருடமும் அவருக்கு வேறு பேச்சே கிடையாது. மேடை ஏறினால் கடைசியில் உன்னையும் இழுப்பார், “என் மருமக சியாட்டல்ல டயாலிசிஸ் நர்ஸா இருக்கா, கிளினிக் திறந்தா அவளே வந்து உங்க கையைப் பிடிச்சு ஊசி போடுவா” என்று. கூட்டம் கைதட்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளினிக்குக்கான இடம்தான் எல்லாவற்றுக்கும் வினையாகிவிட்டது. அந்த மலைப்பக்கத்தில் சமதரையாக, சாலையும் மின்சாரமும் உள்ளதாக, நம் தேசத்துக்குச் சொந்தமாக இருப்பது குளிரூற்றில் ஊற்றுக்கு மேலே உள்ள அந்த ஒரே மேடுதான். கட்டடம் மேட்டில் வரும், வண்டி நிறுத்தும் இடம் ஊற்றங்கரை வரை இறங்கும். அமாவாசை கழிந்த விடியலில் நம்மவர்கள் நீருக்குப் போகிற, முங்கி எழுந்து வேண்டிக்கொள்கிற இடம் அது. வரைபடத்தில் அது ஒரு சின்ன நீலப் புள்ளி. மார்ச்சில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு மாமா எல்லாவற்றையும் விளக்கினார், செரோக்கியில்தான், நன்றாகத்தான். பணம் ஒதுக்கியாகிவிட்டது, வருடத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றார். சொல்லி முடித்துவிட்டு, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் தொப்பியின் உட்புறத்தைப் பார்த்தார். இரண்டு பேர் காப்பி எடுக்க எழுந்து போனார்கள். வெர்னா அத்தை தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து லூசில், “இந்த வருஷம் காட்டு வெங்காயம் சீக்கிரமே வந்துடுச்சு, ஊத்தங்கரை பூரா பச்சை” என்றாள். ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் காட்டு வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், முட்டை போட்டு வதக்குவதா பன்றிக்கொழுப்பில் வதக்குவதா என்று. கூட்டம் முடிந்துவிட்டது.

அது என்ன பதில் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்களுக்கு ஒருவர் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்பது அவரைக் கையை ஓங்கி அறைவது மாதிரி. செரோக்கியே தெரியாத வெளியூர்க்காரன் தப்பாகப் புரிந்துகொண்டால் மன்னிக்கலாம். பிறந்ததிலிருந்து இந்த மௌனத்துக்கு நடுவே வளர்ந்தவர், வேனில் பின்சீட்டு பேசாமல் வந்தால் என்ன அர்த்தம் என்று அறிந்தவர், பன்னிரண்டு வருடம் தீர்மானங்களும் வாக்கெடுப்புமாக இருந்ததில் மாமாவுக்கே காது மாறிவிட்டது. வண்டியில் திரும்பி வரும்போது நான் சொன்னேன், அண்ணா, அவங்க ஒத்துக்கலை என்று. “யாராச்சும் வேண்டாம்னு சொன்னாங்களா?” என்றார். யாராச்சும் சரின்னு சொன்னாங்களா என்றேன். “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். காலேஜ்ல அதைத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க” என்று பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்தில், ஊர்மக்கள் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை என்று கவுன்சிலில் எழுந்து சொன்னார். சொன்னவர் டெல்பர்ட் என்பதால் எல்லோரும் நம்பினார்கள், தீர்மானம் நிறைவேறியது. அளக்கிறவர்கள் வந்து ஊற்றங்கரை வெங்காயப் பாத்தியில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அவற்றைப் பிடுங்கவில்லை. சுற்றி நடந்துபோனார்கள்.

ஜூனில் நடந்த தேர்தலில் மாமாதான் முதலில் வந்தார், ஆனால் பாதிக்கு மேல் ஓட்டு விழவில்லை, அதனால் இரண்டாவதாக வந்த கோடி ஹம்மிங்பேர்டோடு ஜூலைக் கடைசியில் மறுபடி மோத வேண்டியதாயிற்று. கோடி நல்ல பையன்தான், நகரத்தில் வக்கீல், பேச்சு வழவழவென்று இருக்கும், செரோக்கியில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். மாமா கவலைப்படவில்லை. ஜூலை ஆரம்பத்தில் குளிரூற்றில் விருந்து வைத்தார். நம் ஊரில் வேட்பாளர் தன் விருந்தில் தானே கறி கிண்ட மாட்டார், உனக்கு நினைவிருக்கும். விடிகாலையில் நெருப்பு மூட்டி இரும்புக் கொப்பரையில் கொழுப்பு உருகும்போதே யாராவது வந்து துடுப்பைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, போய் ஓட்டுக் கேளு, நீ நின்னா கறி கருகிடும் என்று விரட்டிவிடுவார்கள். கறி வெட்டப் பத்துப் பேர் கத்தியோடு வருவார்கள், கிண்ட முறை வைத்துச் சண்டை போடுவார்கள். அன்றைக்கு யாரும் வரவில்லை. லூசில் வந்து கூடத்தைத் திறந்து கொப்பரையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள், இன்று சூடு அதிகமாக இருக்கும் என்று சொன்னதோடு சரி. உன் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு விறகு தள்ளினார், நான் கறி வெட்டினேன், மாமா கிண்டினார். நெருப்புக்குப் பக்கத்தில் நின்று நின்று அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சாலைப்பக்கம் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மதியம் எல்லோரும் வந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லை. பயறு ரொட்டியும் சோளமும் கொண்டுவந்தார்கள், குழந்தைகளுக்கு முடி வெட்டிக் கூட்டிவந்தார்கள். சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள், என் ரொட்டியைக் கிண்டல் செய்தார்கள், “ரொபெர்ட்டா, இதை வீடு கட்டறதுக்கு வெச்சுக்கலாம்” என்று. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவரும் கொப்பரைப் பக்கம் போகவில்லை, மாமா இரண்டாவது சுற்றுக் கறியைப் போட்டுத் தானே கிண்டிக்கொண்டிருந்தார், வேட்பாளர் பேச வேண்டிய நேரம் வந்தும் அங்கேயே நின்றார். நான் திருத்திக் கொடுத்த பேச்சு அவர் சட்டைப் பையில் கொழுப்புக் கறையோடு இருந்தது. அதை எடுக்கவில்லை. சுற்றிப் பார்த்தார், கடைசியில் மர நிழலில் உட்கார்ந்திருந்த வெர்னா அத்தையைப் பார்த்தார், அத்தை தன் தட்டைப் பார்த்தாள். அப்புறம் செரோக்கியில் சொன்னார், “மார்ச்சுல உங்களைக் கேட்டேன். அன்னிக்கே நீங்க பதில் சொல்லிட்டீங்க. எனக்குத்தான் காதுல விழல. திங்கக்கிழமை கவுன்சில்ல இந்த இடம் வேண்டாம்னு சொல்லிடறேன்.” அவ்வளவுதான். கிளினிக் தள்ளிப்போகும் என்றோ, பணம் திரும்பிப் போகலாம் என்றோ, எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் லூசில் எழுந்து புடைத்த வயிற்றைத் தடவிக்கொண்டு கொப்பரைப் பக்கம் நடந்துபோனாள். “கருகுது பாரு. குடு இப்படி” என்று அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். ஷெல்பி, நான் அழுகிறவள் இல்லை. புகை கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குளிரூற்று ஒரு ஊர்தான், தொகுதியில் மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு ஊற்றைப் பற்றிக் கவலை இல்லை, அவர்களுக்கு நீ கிளினிக் வரும் என்று நாலு வருஷமாகச் சொல்லியிருக்கிறாய், இது உன் பதவியைக் கொண்டுபோகும் என்றேன். தெரியும் என்றார். அண்ணிக்குக் கிளினிக் வேண்டுமே என்றேன். பாட்டைக் குறைத்தார். பிறகு, “யாருக்காகக் கேட்டேனோ அவளும் அன்னிக்குப் பேசலியே. நான் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்” என்றார்.

சொன்னபடி திங்கட்கிழமை எழுந்து, ஊர்மக்கள் எதிர்ப்புச் சொன்னார்கள், அதை நான் தவறாக எடுத்துச் சொன்னேன், தவறு என்னுடையது என்று முதலில் செரோக்கியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார். இந்தத் தடவை யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது, வேறு இடம் பார்க்க ஒரு குழு போட்டார்கள், குழு என்றால் எத்தனை காலம் என்று உனக்குத் தெரியும். இரண்டே நாளில் கோடியின் ஆட்கள் வீடு வீடாக ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள், கையில் இருந்த கிளினிக்கைக் கைவிட்டவர் என்று மாமாவின் படத்தோடு. பொய்யில்லை அது. குளிரூற்றுப் பெட்டியில் கிட்டத்தட்ட எல்லா ஓட்டும் மாமாவுக்குத்தான் விழுந்தது. மற்ற பெட்டிகள் எல்லாம் கோடிக்கு. முடிவு தெரிந்ததும் மாமா கோடியைப் போனில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார், அவன் நன்றியைச் செரோக்கியில் சொன்னானாம், உச்சரிப்பு பரவாயில்லை என்றார். உன் அப்பா, தோற்றவன் வீட்டில்தான் சாப்பாடு மிஞ்சும், யாரும் வந்து தின்ன மாட்டார்கள் என்று ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்தார்.

இப்போது டயாலிசிஸ் நாட்களில் நானும் அத்தையைக் கூட்டிப்போகிறேன். கிளினிக் போனதைப் பற்றி அவளிடம் ஒரு நாள் கேட்டேவிட்டேன், வருத்தமா அண்ணி என்று. சன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்த்துவிட்டு, “உன் வண்டியில போடற பாட்டுதான் சகிக்கல” என்றாள். இன்னும் சில வருடங்களில் கிளினிக் எங்கேயாவது வரும், கோடி ரிப்பன் வெட்டுவான், அதுவரை அத்தையின் உடம்பு தாங்க வேண்டும் என்பதுதான் என் கவலை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், நீ அந்த வேலையில் இருப்பவள், உனக்குத் தெரிந்ததுதான். மாமா மறுபடியும் வேன் ஓட்டுகிற வேலைக்குக் கேட்டிருக்கிறார். இந்த வயதிலா, கவுன்சிலராக இருந்துவிட்டா என்றேன். “வெர்னாவை எப்படியும் கூட்டிட்டுத்தான போகணும், கூட ஆறு பேரு வந்தா வண்டி என்ன வேண்டாங்குதா” என்கிறார். எழுதித் தரக் கேட்டிருக்கிறார்களே, அந்தப் பக்கத்தில் இதைத்தான் எழுதலாமா என்று யோசிக்கிறேன். வேன் ஓட்டினார், நடுவில் பன்னிரண்டு வருடம் கவுன்சிலில் இருந்தார், வேன் ஓட்டுகிறார்.

இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ. கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது பாத்திரம் துடைத்துக்கொண்டே உன்னிடம் கேட்டேன், கிளினிக் வந்தால் நீ திரும்பி வருவாயா என்று. நீ சியாட்டலில் மழை எப்படிப் பெய்யும் என்று சொல்ல ஆரம்பித்தாய், தூறலாக, சத்தமே இல்லாமல், குடை பிடிக்காமலே எல்லோரும் நடப்பார்கள் என்று. படகில் வேலைக்குப் போகிறபோது தூரத்துப் பனிமலை சில நாள் தெரியும் சில நாள் தெரியாது என்றாய். நான் தட்டை அடுக்கினேன். அன்றைக்கே எனக்குப் புரிந்தது. மாமா மேடையில் உன் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அது எனக்குத் தெரியும், உனக்கும் அங்கே உறுத்தியிருக்கும். இனிமேல் அவர் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன், அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். உன் வாழ்க்கை அங்கே என்றால் அங்கே நன்றாக இரு. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் மட்டும் வாயைத் திறந்து சொல், என்னிடம் சொல்லலாம், நான் அறை வாங்கினதாக நினைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா அத்தையைக் கூப்பிடு, அன்று அவளுக்கு ஊசி இல்லாத நாள், குரல் தெளிவாக இருக்கும். மாமாவிடம் தேர்தலைப் பற்றிப் பேச வேண்டாம், வேனைப் பற்றிக் கேள், சந்தோஷமாகச் சொல்வார். மழைக்காலத்துக்குக் கனமான சாக்ஸ் வாங்கிக்கொள். ஊற்றங்கரையில் அந்த ரிப்பன் குச்சிகளை இப்போது யாரோ எடுத்துவிட்டார்கள், யார் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் வெங்காயம் வரும், உனக்கும் கொஞ்சம் உறையவைத்து அனுப்புகிறேன். நம் பெரியவர்கள் வாழ்த்துகிறபடி, நீ நடக்கிற பாதை எங்கிருந்தாலும் வெள்ளையாக, அமைதியாக இருக்கட்டும்.

பாசமுள்ள அம்மா,
ரொபெர்ட்டா